ஹிட்ச்காக் படங்களை வாங்கிச் சேர்க்க: டிவிடியா, ப்ளூ-ரேயா, 4கேயா, தனித்தனி வட்டுகளா?

இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ஹாலிவுட் படங்களை வட்டில் வாங்கி வீட்டில் வைக்க நினைக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மொத்தமாக ஒரு பெட்டி வாங்கினால் போதாதா?" கேட்கும்போதே இணையக் கடையில் நாலைந்து பெட்டிகளைத் திறந்துவைத்திருப்பார்கள். 'சைக்கோ' எல்லாப் பெட்டியிலும் இருக்கும். 'நொட்டோரியஸ்' ஒன்றிலும் இருக்காது. விலையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

போதாது என்பதுதான் பதில். எல்லாப் படமும் அடங்கிய பெட்டி என்று ஒன்று கிடையாது. அதற்குக் காரணம் தெரிந்துவிட்டால், எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

## 30 படங்கள், பல சொந்தக்காரர்கள்

1940இல் வந்த 'ரெபெக்கா' தொடங்கி 1976இல் வந்த 'ஃபேமிலி ப்ளாட்' வரை 30 முழுநீளப் படங்கள். 14 யூனிவர்சல் ஸ்டுடியோவிடம் இருக்கின்றன. 8 வார்னரிடம்: 'சஸ்பிஷன்', 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்', 'டயல் எம் ஃபார் மர்டர்', 'தி ராங் மேன்' போன்றவை. எம்.ஜி.எம். தயாரித்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்'டும் இப்போது அங்கேதான். 'டு கேட்ச் எ தீஃப்' மட்டும் பாரமவுண்டிடம் தனியாக இருக்கிறது. மீதி 7 படங்கள் வெவ்வேறு கைகளில் சிதறிக் கிடக்கின்றன: 'ரெபெக்கா', 'ஃபாரின் கரஸ்பாண்டென்ட்', 'லைஃப்போட்', 'ஸ்பெல்பவுண்ட்', 'நொட்டோரியஸ்', 'தி பாரடைன் கேஸ்', 'அண்டர் கேப்ரிகார்ன்'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950களில் பாரமவுண்டோடு போட்ட ஒப்பந்தத்தில், சில படங்களின் உரிமை எட்டு ஆண்டுகள் கழித்துத் தனக்கே திரும்பிவிட வேண்டும் என்று ஹிட்ச்காக் எழுதி வாங்கியிருந்தார். அப்படி 'ரியர் விண்டோ', 'தி ட்ரபிள் வித் ஹாரி', 1956இன் 'தி மேன் ஹூ நியூ டூ மச்', 'வெர்டிகோ' நான்கும் அவர் கைக்கு வந்தன. அவரே பங்குதாரராக இருந்து தயாரித்த 'ரோப்' ஐந்தாவது. இந்த ஐந்தையும் அவர் பூட்டி வைத்துவிட்டார். அவர் 1980இல் இறந்த பிறகு, 1983–84இல்தான் யூனிவர்சல் மூலம் அவை மறுபடி திரைக்கு வந்தன. பாரமவுண்ட் எடுத்த படங்கள் இன்றைக்கு யூனிவர்சல் பெட்டியில் இருப்பதற்கும், 'டு கேட்ச் எ தீஃப்' மட்டும் வெளியே நிற்பதற்கும் காரணம் அந்த ஒப்பந்தம்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பிரிண்ட். அட்டையில் 4கே என்று போட்டிருப்பதால் மட்டும் படம் நன்றாக இருந்துவிடாது. எந்த நெகடிவிலிருந்து, எந்த ஆண்டில், எவ்வளவு அக்கறையோடு எடுத்தார்கள் என்பதே முக்கியம். மோசமான மூலத்திலிருந்து செய்த ப்ளூ-ரேயை விட நல்ல மூலத்திலிருந்து செய்த டிவிடி மேலாகத் தெரிந்த காலமும் உண்டு.

இரண்டாவது உங்கள் பிளேயர். எந்த நாட்டு வட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதை ரீஜன் என்ற குறியை வைத்துப் பூட்டியிருப்பார்கள். இந்தியாவும் இலங்கையும் டிவிடிக்கு ரீஜன் 5, ப்ளூ-ரேக்கு ரீஜன் சி. சிங்கப்பூர், மலேசியா என்றால் 3, ஏ. கனடாவில் 1, ஏ. பிரிட்டனில் 2, பி. 4கே வட்டுக்கு ரீஜன் பூட்டே கிடையாது. யூனிவர்சலின் ப்ளூ-ரேக்களும் வார்னருடையவையும் பெரும்பாலும் எல்லா நாட்டு பிளேயரிலும் ஓடும். பழைய நல்ல படங்களைத் தேர்ந்து வெளியிடும் கிரைடீரியன் நிறுவனத்தின் ப்ளூ-ரே அப்படி அல்ல: அமெரிக்கப் பதிப்பு ரீஜன் ஏ, பிரிட்டன் பதிப்பு ரீஜன் பி. சென்னையில் வாங்கிய சாதாரண பிளேயரில் போட்டால் படத்துக்குப் பதில் ஒரு மறுப்புச் செய்திதான் வரும்.

மூன்றாவது, 30இல் உங்களுக்கு எத்தனை வேண்டும் என்பது. இதை யாரும் யோசிப்பதில்லை. ஆறு படம் போதும் என்கிறவரும், 'டோபாஸ்' உட்பட எல்லாம் வேண்டும் என்கிறவரும் ஒரே கடையில் ஒரே பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்பது நம்மில் பலருக்கு முக்கியம். கேரி கிராண்ட் பேசும் வேகத்துக்குக் காது மட்டும் போதாது. தமிழ் சப்டைட்டிலை எதிர்பார்க்க வேண்டாம், நான் பார்த்த எந்த வட்டிலும் இல்லை. கூடுதல் ஆவணப்படங்கள், வட்டின் ஆயுள், கூரியரும் சுங்க வரியும் சேர்ந்த முழுச் செலவு ஆகியவற்றையும் கணக்கில் வையுங்கள்.

## பழைய டிவிடி பெட்டி

2005இல் யூனிவர்சல் தன்னிடமிருந்த 14 படங்களையும் வெல்வெட் உறை போட்ட பெட்டியில் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வார்னர் தன் பங்குக்கு, 'ஃபாரின் கரஸ்பாண்டென்ட்'டையும் சேர்த்து 9 படங்களை ஒரு பெட்டியில் போட்டது. இரண்டும் இப்போது பழைய சரக்காக மலிவாகக் கிடைக்கின்றன. படங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதைவிட லாபமான வழி இல்லை. லோராண்ட் பூசரோ எடுத்த படப்பிடிப்பு ஆவணப்படங்களும் பல வட்டுகளில் உண்டு. பிற்பாடு வந்த ப்ளூ-ரேயிலும் 4கேயிலும் பெரும்பாலும் அவற்றையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஆகவே கூடுதல் அம்சங்களுக்காக மேலே போக வேண்டிய அவசியம் அதிகம் இல்லை.

சிக்கல் பெரிய டிவியில் தெரியும். டிவிடியின் படம் அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் 720க்கு 480 புள்ளி, இந்தியா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பால் (PAL) முறையில் 720க்கு 576. 32 அங்குல டிவியில் பரவாயில்லை, 55 அங்குலத்தில் முகங்கள் கரைந்துபோகும். 'நார்த் பை நார்த்வெஸ்ட்'டின் தொடக்கத்தில் டைட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸின் சாய்கோடுகள் கண்ணாடிக் கட்டடத்தின் ஜன்னல் சட்டங்களாக மாறும் இடம் இருக்கிறதே, டிவிடியில் அந்தக் கோடுகள் படிக்கட்டு போல உடைந்து நடுங்கும்.

பால் டிவிடியில் இன்னொரு திருட்டும் நடக்கிறது. சினிமா விநாடிக்கு 24 பிரேம், பால் 25. அதனால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 128 நிமிட 'வெர்டிகோ' 123 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் போனது பெரிய விஷயமில்லை. பல பதிப்புகளில் ஒலியும் சேர்ந்து மேலேறுவதால் பெர்னார்ட் ஹெர்மனின் இசை கிட்டத்தட்ட அரைச் சுருதி உயர்ந்து கேட்கும். இசையில் காது பழகியவர்களுக்கு இது உறுத்தும். என்.டி.எஸ்.சி. டிவிடிக்கு இந்தக் குறை இல்லை. எது என்று பின்னட்டையில் போட்டிருக்கும்.

1990களின் கடைசியில் வந்த முதல் தலைமுறை டிவிடிகளை விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். அவற்றில் பலவும் இன்றைய அகல டிவியில் நாலு பக்கமும் கறுப்புச் சட்டத்தோடு நடுவில் சின்னப் படமாக வரும். ஒரே தட்டில் பத்துப் படம் என்று பர்மா பஜார் பாணியில் வருகிறவற்றைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

மறைமுகச் செலவு வட்டு அரிப்பு. 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் டிவிடிகளில் சில கெட்டுப்போவதை அந்த நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், பாதிப் படத்தில் உறைந்து நின்றுவிடும்.

டிவி சிறியது, பட்ஜெட் குறைவு, முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிடித்ததை மட்டும் பிறகு நல்ல பதிப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறவருக்கு டிவிடி பெட்டி இன்றும் சரியான தேர்வு.

## ப்ளூ-ரே பெட்டி

2012இல் வந்த யூனிவர்சல் பெட்டியில் 15 படங்கள். சொந்தப் படங்கள் 14, வார்னரிடம் உரிமம் வாங்கிச் சேர்த்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' ஒன்று. 1920க்கு 1080 புள்ளி, விநாடிக்கு 24 பிரேம். வேகம் சரி, சுருதி சரி.

ஆனால் இந்தப் பெட்டி ஒரு கல்யாணச் சீர்வரிசை. நல்ல பாத்திரத்தோடு ஓட்டைப் பாத்திரமும் சேர்ந்துதான் வரும். 'ரியர் விண்டோ', 'வெர்டிகோ', 'சைக்கோ', 'ஷேடோ ஆஃப் எ டவுட்' எல்லாம் நன்றாக இருக்கும். 'ஃபேமிலி ப்ளாட்' வந்த நாளிலேயே திட்டு வாங்கியது. 'தி மேன் ஹூ நியூ டூ மச்' நெகடிவில் மஞ்சள் சாயம் மங்கிப்போனதால், இந்தப் பதிப்பில் நிறம் ஒரு காட்சியில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் தெரியும். அமெரிக்கப் பெட்டியின் வடிவமைப்பும் தொல்லைதான்: அட்டைப் புத்தகத்தின் பக்கங்களுக்குள் வட்டைச் செருகியிருக்கிறார்கள், எடுக்கும்போதும் வைக்கும்போதும் உராயும். பழைய பெட்டி வாங்கினால் வட்டின் அடிப்பக்கப் படம் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், வாங்கிய அன்றே உறைக்கு மாற்றிவிடுங்கள்.

ப்ளூ-ரே பிளேயர் ஏற்கெனவே இருக்கிறது, 43 அங்குலம் வரையுள்ள டிவி, 4கேவுக்குப் போகும் எண்ணமும் இல்லை என்றால், கறுப்பு வெள்ளைப் படங்களில் உங்களுக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. இந்தப் பெட்டி பழைய சரக்கு விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். புதுச் சரக்கு விலைக்கு வேண்டாம்.

## 4கே பெட்டிகள்

இங்கேதான் பணமும் ஆசையும் ஒன்றோடொன்று மோதும். யூனிவர்சல் 14 படங்களையும் மூன்று பெட்டிகளாகக் கொண்டுவந்தது. 2020இல் 'ரியர் விண்டோ', 'வெர்டிகோ', 'சைக்கோ', 'தி பேர்ட்ஸ்'. 2022இல் 'சபோட்டர்', 'ஷேடோ ஆஃப் எ டவுட்', 'தி ட்ரபிள் வித் ஹாரி', 'மார்னி', 'ஃபேமிலி ப்ளாட்'. 2023இல் 'ரோப்', 'தி மேன் ஹூ நியூ டூ மச்', 'டார்ன் கர்ட்டன்', 'டோபாஸ்', 'ஃப்ரென்ஸி'. 2024இல் வார்னர் 'நார்த் பை நார்த்வெஸ்ட்'டை 4கேயில் விட்டது. அதே ஆண்டில் முதல் பெட்டியின் நான்கோடு 'நார்த் பை நார்த்வெஸ்ட்', 'டு கேட்ச் எ தீஃப்' இரண்டையும் சேர்த்து ஆறு படப் பெட்டி ஒன்றும் வந்தது.

எந்தப் படத்துக்கு 4கே பலன் தரும் என்பதைப் படச்சுருளைப் பார்த்தே சொல்லிவிடலாம். 'டு கேட்ச் எ தீஃப்', 'தி ட்ரபிள் வித் ஹாரி', 'தி மேன் ஹூ நியூ டூ மச்', 'வெர்டிகோ', 'நார்த் பை நார்த்வெஸ்ட்' ஐந்தும் விஸ்டாவிஷனில் எடுத்தவை. 35 மி.மீ. சுருளைக் கேமராவில் படுக்கைவாட்டில் ஓட்டுவார்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் எட்டுத் துளை அகலம், வழக்கமான பிரேமைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பரப்பு. நெகடிவிலேயே அவ்வளவு விவரம் இருப்பதால் 4கேயில் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியும்.

'வெர்டிகோ'வில் ஜூடி ஹோட்டல் அறையில் கதவைத் திறந்து வரும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே பச்சை நியான் பலகை, அறை முழுக்க அந்த வெளிச்சம். பச்சை மூட்டத்துக்குள் ஓர் உருவம், சாம்பல் நிற உடை, முன்னே வர வர முகம் தெளிகிறது. டிவிடியில் அந்த மூட்டம் கட்டம் கட்டமாகச் சிதறி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். ப்ளூ-ரேயில் மூட்டம் சரியாக இருக்கும், பச்சை கொஞ்சம் தட்டையாக இருக்கும். 4கேயில் அந்தப் பச்சைக்குள்ளேயே நாலைந்து அளவு வெளிச்சம் இருப்பது தெரிகிறது.

'வெர்டிகோ'வின் ஒலியில் மட்டும் கவனம் தேவை. 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் படத்தை மீட்டெடுத்தபோது காலடி, கதவு, துப்பாக்கி முதலிய ஒலிகளைப் புதிதாகப் பதிவு செய்து சேர்த்தார்கள். அது சரியா தவறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்தப் புதுத் துப்பாக்கிச் சத்தம் உறுத்துகிறது. அசல் மோனோ ஒலி தனித் தடமாக இருக்கும் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்.

'சைக்கோ' வேறு கதை. தொலைக்காட்சித் தொடர் குழுவை வைத்துச் சிக்கனமாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். 4கேயில் கூடுதலாகத் தெரிவது பெரும்பாலும் படச்சுருளின் மணல் போன்ற துகள்தான். எனக்கு அது பிடிக்கும், உங்களுக்கு 'கொசகொச' என்று தோன்றலாம். 2020 பெட்டியை வாங்க வேறொரு காரணம் உண்டு: பிற்பாடு அமெரிக்கப் பிரிண்ட்களில் நறுக்கப்பட்ட சில விநாடிகள் திரும்பச் சேர்ந்த, 1960இல் திரையில் வந்த வடிவம் அதில் இருக்கிறது.

தெளிவு கூடினால் குறையும் கூடும். 'மார்னி'யில் தெருக்கோடியில் நிற்கும் கப்பல் வரைந்த திரை என்பது டிவிடியில் சந்தேகமாகத் தெரியும், 4கேயில் தூரிகையே தெரியும். 'தி பேர்ட்ஸ்' படத்தில் பறவைகளைத் தனியாக எடுத்து ஒட்டிய இடங்களும் இப்படித்தான். சிலருக்கு இது மாயையைக் கலைத்துவிடுகிறது.

இனி செலவு. 4கே டிவி, 4கே பிளேயர் இரண்டும் வேண்டும். ஆப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் எல்ஜி 2024இலும் பிளேயர் தயாரிப்பை விட்டுவிட்டன. பானசோனிக்கும் சோனியும்தான் பெரிய பெயர்களில் மிச்சம். வீட்டில் வட்டு போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 இருந்தால் அதுவே போதும், தனி பிளேயர் தேவையில்லை. 100 ஜி.பி. வட்டில் மூன்று அடுக்கு, கைரேகை பட்டாலே சில பிளேயர்கள் திணறும். புது வட்டையும் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துவிட்டுப் போடுவது நல்லது. டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைக்காவிட்டால் 'ரியர் விண்டோ' சீரியல் மாதிரி தெரியும், அதற்கு எந்த வட்டும் பொறுப்பில்லை.

4கே பிளேயர் இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு யோசனை: இந்த யூனிவர்சல் பெட்டிகளில் பெரும்பாலும் 4கே வட்டோடு ப்ளூ-ரே வட்டும் சேர்த்தே தருகிறார்கள். பின்னட்டையில் உறுதி செய்துகொண்டு வாங்கி, இப்போதைக்கு ப்ளூ-ரேயைப் பார்க்கலாம். ஒன்று மட்டும், அந்த ப்ளூ-ரே பல சமயம் பழைய பதிப்பாகவே இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் டிஜிட்டல் பதிப்புக்கான குறியீட்டு எண் (code) குறிப்பிட்ட நாட்டில்தான் செல்லும், அதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள்.

## தனித்தனி வட்டுகள்

'ரெபெக்கா', 'நொட்டோரியஸ்', 'ஃபாரின் கரஸ்பாண்டென்ட்' ப்ளூ-ரேயில் வேண்டுமென்றால் இந்த வழிதான். மூன்றையும் கிரைடீரியன் வெளியிட்டிருக்கிறது. பிரிண்ட், கட்டுரைகள், விமர்சகர்களின் உரைத் தடம் எல்லாவற்றிலும் நம்பி வாங்கலாம். 'லைஃப்போட்', 'தி பாரடைன் கேஸ்', 'அண்டர் கேப்ரிகார்ன்' மூன்றும் கினோ லார்பர் நிறுவனத்தில். 'சஸ்பிஷன்' வார்னரின் 'ஆர்க்கைவ்' வரிசையில். 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்' ப்ளூ-ரேயில் திரையில் வந்த வடிவத்தோடு வெளியீட்டுக்கு முன் போட்டுக்காட்டத் தயாரித்த வடிவமும் உண்டு.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். ரீஜன் ஏ வட்டுகளுக்கு எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிய பிளேயர் தேவை. ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனியாகக் கூரியர் கட்டணம், சுங்க வரி, அதை வசூலிப்பதற்கான கட்டணம் எல்லாம் சேர்ந்து சில சமயம் வட்டின் விலையையே தாண்டும். இவற்றில் பல உரிமம் வாங்கிப் போடுபவை, ஒப்பந்தம் முடிந்தால் அச்சு நின்றுவிடும். கிரைடீரியனின் பழைய 'ரெபெக்கா', 'நொட்டோரியஸ்', 'ஸ்பெல்பவுண்ட்' டிவிடிகள் அப்படி நின்றுபோனவைதான். 'டயல் எம்' 2012இல் முப்பரிமாண ப்ளூ-ரேயாக வந்தது. ஹிட்ச்காக் அதை முப்பரிமாணத்தில்தான் எடுத்தார், ஆனால் இன்றைக்கு அதைப் போட்டுப் பார்க்க டிவிக்கு எங்கே போவது?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவாரென்றால், நாலைந்து வட்டுகளை அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்து வாங்கிவரச் சொல்வதே சிக்கனம்.

## டிஜிட்டலில் வாங்குவது

சுருக்கமாக முடித்துவிடலாம். இதில் வாங்குவது படத்தை அல்ல, பார்க்கும் அனுமதியை. 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாகச் சோனி அறிவித்து, கூச்சல் எழுந்ததும் பின்வாங்கியது. ஒரு படத்தை ஒருமுறை பார்த்து, வட்டு வாங்கத் தகுமா என்று முடிவு செய்ய வாடகைக்கு எடுங்கள். சேகரிப்பு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டிவிடி பெட்டி | ப்ளூ-ரே பெட்டி (2012) | 4கே பெட்டிகள் | தனி வட்டுகள் |
|---|---|---|---|---|
| படங்கள் | யூனிவர்சல் 14, வார்னர் 9 | 15 | மூன்றும் சேர்ந்து 14; ஆறு படப் பெட்டி தனி | வேண்டியது மட்டும் |
| படத்தின் தரம் | சின்ன டிவிக்குப் போதும் | படத்துக்குப் படம் மாறும் | விஸ்டாவிஷன் வண்ணப் படங்களில் உச்சம் | பெரும்பாலும் நன்று |
| ரீஜன் தொல்லை | உண்டு | குறைவு | இல்லை | கிரைடீரியனில் அதிகம் |
| மறைமுகச் செலவு | பால் வேகம், வட்டு அரிப்பு | கீறல், மறுபடி வாங்க நேர்வது | பிளேயர், டிவி | கூரியர், சுங்கம், அச்சு நின்றுபோவது |
| யாருக்கு | எல்லாம் பார்க்கத் தொடங்குபவர் | பழைய சரக்கு விலைக்குக் கிடைத்தவர் | பெரிய டிவி உள்ளவர் | 1940களின் ரசிகர் |

## நானாக இருந்தால்

ஒரே வடிவத்தில் எல்லாவற்றையும் அடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுவேன். அலமாரியில் அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதில் எந்தப் பயனும் இல்லை. ஆறு படப் பெட்டி 4கேயில், 'நொட்டோரியஸ்', 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்', 'ஷேடோ ஆஃப் எ டவுட்' ப்ளூ-ரேயில், மற்றவை பழைய டிவிடியில் என்று தொடங்குவேன். 'தி மேன் ஹூ நியூ டூ மச்' உங்களுக்குப் பிடித்த படமென்றால் மூன்றாவது 4கே பெட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012இன் நிறத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். 'டோபாஸ்' அதோடு வந்து சேர்வதைத் தடுக்க முடியாது.

பழைய வட்டு எதை வாங்கினாலும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் சரியாக ஓடியது என்று எடுத்து வைத்துவிடாதீர்கள். இரண்டடுக்கு டிவிடியில் கோளாறு பெரும்பாலும் இரண்டாம் அடுக்குக்கு மாறிய பிறகுதான் தலைகாட்டும், அதாவது படத்தின் பிற்பாதியில். நேரமில்லையென்றால் நடுப்பகுதியிலிருந்து முடிவு வரைக்குமாவது ஓட்டிவிடுங்கள்.